ஃபர்னஸ் போட்டால் முதல் சூடு, பிறகு குளிர்காத்து. அவசரம்!

மல்வேர்ன்வாசி | ஒக்ரோபர் 14, இரவு 8:52
வணக்கம். ரொறன்ரோவில எங்கட வீட்டைச் சூடாக்கிற கேஸ் ஃபர்னஸில பிரச்சினை. இண்டைக்குத்தான் இந்த வருசம் முதல்முறையா ஹீற் போட்டனாங்கள். முதல் நல்ல சூடா வருகுது, பிறகு வெறும் குளிர்காத்து. கொஞ்ச நேரத்தால திரும்பவும் சூடு. வீடு 18க்கு மேல ஏறுதில்லை. ஃபில்ரர் புதுசு. இரவு 2 பாகைக்கு இறங்குமாம், சின்னப் பிள்ளை இருக்கு. என்ன பிழை எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வெப்பமானி | 9:01
கொஞ்ச விவரம் வேணும்.
சூடு எவ்வளவு நேரம் வருகுது, 5 செக்கனோ 5 நிமிசமோ? முக்கால்வாசிக் காரணங்கள் இந்த ஒரு பதிலிலேயே கழிஞ்சுபோகும்.
தெர்மோஸ்ரற்றில விசிறி ‘ஓட்டோ’விலயோ ‘ஒன்’னிலயோ? ‘ஒன்’னில இருந்தால் நெருப்பு நிண்ட பிறகும் காத்து ஊதிக்கொண்டே இருக்கும், அது பிழையே இல்லை.
ஃபர்னஸின்ர கீழ்க்கதவில ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை இருக்கும். உள்ளுக்குள்ள லைற் எத்தனை தரம் மினுங்கி நிக்குது? கதவைக் கழட்டாதேங்கோ. கழட்டினால் கதவுச் சுவிச் கரண்டை வெட்டிப்போடும், சில கண்ட்ரோல் போர்ட்டுகளில அந்த மினுக்குக் கோட் அழிஞ்சுபோகும்.

பிராம்ப்டன்தமிழ் | 9:08
ஃப்ளேம் சென்சார்தான் (நெருப்பு எரியுதான்னு பார்க்கிற கம்பி), சந்தேகமே வேண்டாம். கோடை முழுக்க சும்மா இருந்ததுல கம்பி மேல வெள்ளையா ஒரு படலம் பிடிச்சிருக்கும். பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க, கால் அங்குல ஸ்க்ரூ ஒண்ணுதான் இருக்கும், கம்பியை உருவி மெல்லிய ஸ்டீல் உல் வச்சு தேய்ங்க. உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தா படலம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். மீட்டர் இருந்தா சிக்னலைப் பாருங்க, ரொம்பக் குறைஞ்சா போர்டு கேஸை மூடிடும்.

குழாய்க்காரன் | 9:15
எனக்கெண்டால் தண்ணி வாய்க்காலில சந்தேகம். வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் ரெண்டு வெளியில போற ஃபர்னஸ் எண்டால் அதுக்குள்ளயும் தண்ணி ஊறும். கன வீடுகளில ஏசித் தண்ணியும் ஃபர்னஸ் தண்ணியும் ஒரே குழாயாலதான் இறங்கும். கோடையில ஏசித் தண்ணியில பாசி பிடிச்சு அடைச்சிருந்தால் ஃபர்னஸுக்குள்ள தண்ணி தேங்கி, புகை ஒழுங்கா வெளியேறுதோ எண்டு பார்க்கிற பிரஷர் சுவிச் விட்டுப்போகும். தரையில ஈரம் இருக்கோ? உள்ளுக்க குளுகுளு எண்டு சத்தம் கேக்குதோ? வெளியில குழாய் வாயில இலை, குளவிக்கூடு இருக்கோ எண்டும் ரோச் அடிச்சுப் பாருங்கோ.

முருங்கையடி | 9:31
கேள்வி கேக்கிற ஆக்கள் மாடல் நம்பர், வயது, கோட் மூண்டையும் முதல்ல எழுதோணும் எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன். பதில் சொல்லுற ஆக்களும் கேள்வியை ஒழுங்கா வாசிக்கோணும்.
ஃபர்னஸ் வேலை செய்யிற ஒழுங்கு இது: தெர்மோஸ்ரற் கேக்கும், புகைவிசிறி சுத்தும், பிரஷர் சுவிச் சேரும், நெருப்பு மூட்டுற இக்னைற்றர் சிவக்கும், கேஸ் திறக்கும், நெருப்பு வரும். அரை நிமிசம் போலப் போன பிறகுதான் பெரிய புளோவர் ஊதும். சென்சார் ஊத்தை எண்டால் நெருப்பு வந்து ஒரு சில செக்கனிலயே கேஸ் மூடிப்போடும், சூட்டுக்காத்து வீட்டுக்குள்ள வர நேரமே இல்லை. இவருக்கு “நல்ல சூடா” வருகுது. அப்ப சென்சார் இல்லை.

மல்வேர்ன்வாசி | 9:44
மன்னிக்கோணும், பிள்ளையை நித்திரையாக்கினனான். 6, 7 நிமிசம் சூடு வருகுது. நெருப்பு நிக்குது, புளோவர் மட்டும் ஊதுது. விசிறி ஓட்டோ. லைற் 4 தரம் மினுங்குது. 2014 ஃபர்னஸ், ரெண்டு வெள்ளைக் குழாய். தரை காய்ஞ்சிருக்கு. ஃபில்ரர் 16 × 25 × 1, மேர்வ் 13 (எவ்வளவு நுண்தூசி பிடிக்கும் எண்ட அளவு), போன கிழமை போட்டது. கோடையில மேல்மாடி குளிரேல்லை எண்டு பேஸ்மென்ற்றில காத்து வாற 5 வென்ற்றும் மூடினது, அதுவும் சொல்லோணுமோ தெரியாது.

வெப்பமானி | 9:52
அதைத்தான் சொல்லியிருக்கோணும்.
கன மாடலில 4 மினுக்கு எண்டால் ஹை லிமிற் சுவிச் (சூடு கூடினால் கேஸை வெட்டுறது) திறந்திருக்கு எண்டு அர்த்தம். உங்கட கதவின்ர உட்பக்கம் ஒட்டியிருக்கிற அட்டவணையில சரிபாருங்கோ. நெருப்பு எரியிற இரும்புப் பெட்டியைக் குளிர்ப்பாட்டக் காத்து காணாது. சூடு எல்லை தாண்ட, லிமிற் கேஸை வெட்டுது, புளோவர் ஊதி ஆத்துது, ஆறினதும் திரும்பத் தொடங்குது.
இப்ப செய்யிறது: 5 வென்ற்றையும் முழுசாத் திறவுங்கோ. மேல சோபா, கம்பளம் மூடின வென்ற்றும் றிற்றேர்ன் கிறிலும் (வீட்டுக் காத்து ஃபர்னஸுக்குத் திரும்பிப் போற வாய்) இருக்கோ எண்டு பாருங்கோ. ஃபர்னஸை நிப்பாட்டிப்போட்டு மேர்வ் 13ஐ எடுத்து மேர்வ் 8 போடுங்கோ, அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க. ஃபில்ரர் இல்லாமல் ஓட விடாதேங்கோ. தூசி நேரா ஏசிக் கொயிலில போய் ஒட்டும், அது இன்னும் பெரிய அடைப்பு.
பிறகு 10 நிமிசம் ஓடவிட்டு, றிற்றேர்ன் குழாயிலயும் கொயிலுக்கு ஒரு முழம் தள்ளி மேல்குழாயிலயும் சூடு அளவுங்கோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் லேபிளில இருக்கும். 35–65 ஃபாரன்ஹைற் எண்டு போட்டிருந்தால் செல்சியஸில கிட்டத்தட்ட 19–36.
லிமிற் சுவிச்சை வயர் போட்டுத் தாண்டிவிடச் சொல்லி ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ. இப்பிடி வெட்டி வெட்டி எரிஞ்சால் அந்த இரும்புப் பெட்டியில விரிசல் விழும். விரிசல் விழுந்தால் காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு வீட்டுக்குள்ள வர வழியாகும். படுக்கையறைக்குக் கிட்ட அதுக்கான அலாரம் இருக்கோ, அதின்ர காலாவதித் திகதி என்ன எண்டு இண்டைக்கே பாருங்கோ.

பிராம்ப்டன்தமிழ் | 10:03
சென்சார் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல மேர்வ் 8 போடச் சொல்றது சரியா? 2023 ஜூன்ல காட்டுத்தீ புகை டொராண்டோ முழுக்க நின்னுது. 8 அந்த நுண்துகளை அவ்வளவா பிடிக்காது. புளோவர்ல ஈசிஎம் மோட்டார் (எலக்ட்ரானிக்கா வேகத்தை மாத்துறது) இருந்தா அதுவே வேகத்தைக் கூட்டிக்கும்.

முருங்கையடி | 10:10
எல்லா ஈசிஎம்மும் காத்தின்ர அளவைக் காப்பாத்தாது. கன மோட்டர் முறுக்குவிசையை மட்டும்தான் பிடிச்சுவைக்கும், அடைப்பு கூடினால் காத்து குறையும். பிழை 13இல இல்லை, ஒரு அங்குலத் தடிப்பில இருக்கு. 13 வேணுமெண்டால் 4 அங்குலப் பெட்டி பொருத்தோணும். மடிப்பு ஆழம், பரப்பு கூட, தடை குறைவு, ஆறு மாசத்துக்கு மேல போகும். இல்லாட்டி பிள்ளையின்ர அறைக்குத் தனியா ஒரு ஹெப்பா மெசின் (நுண்துகள் பிடிக்கிற காத்துச் சுத்திகரிப்பான்) வையுங்கோ.

பிராம்ப்டன்தமிழ் | 10:16
4 அங்குலம் பொருத்த டக்டை வெட்டணும், எல்லா வீட்டுலயும் அதுக்கு இடம் இருக்காது. ஹெப்பா யோசனை சரி.

குழாய்க்காரன் | 10:20
பேஸ்மென்ற்றில ஆரும் வாடகைக்கு இருக்கினமோ? அப்பிடியெண்டால் வென்ற் மூடுறது ஃபர்னஸ் பிரச்சினை மட்டுமில்லை. ரொறன்ரோவில ஒக்ரோபர் 1 தொடங்கி மே 15 வரைக்கும் வாடகைக்காரருக்கு 21 பாகை குடுக்கோணும் எண்டு நகரச் சட்டம். தெர்மோஸ்ரற் மேல இருக்க, மேல 21 எண்டால் கீழ 17, 18தான் நிக்கும்.

முருங்கையடி | 10:24
வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் இருக்கிற வீடெண்டால் இரவில 17க்கு இறக்கலாம், காசு மிஞ்சும்.

குழாய்க்காரன் | 10:27
கைக்குழந்தை இருக்கிற வீட்டில 17 வேண்டாம் அண்ணை.

மல்வேர்ன்வாசி | 11:12
வென்ற் திறந்தாச்சு. பக்கத்து வீட்டில மேர்வ் 8 இருந்தது, போட்டாச்சு. அரை மணித்தியாலமா நிக்காமல் ஓடுது, 20.5 வந்திட்டுது. எல்லாருக்கும் நன்றி.

வெப்பமானி | 11:20
சந்தோசம். சூட்டு வித்தியாசம் எவ்வளவு எண்டு அளந்தனீங்களோ? லேபிளின்ர மேல் எல்லைக்குக் கிட்ட நிண்டால் கொயிலின்ர அடிப்பக்கமும் புளோவர் சில்லும் ஊத்தையா இருக்கலாம். அதைத் திறந்து பார்க்க ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோ தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ. வரேக்க நெருப்புப் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கோ, எத்தனை நாள் இப்பிடி வெட்டி வெட்டி எரிஞ்சதோ தெரியாது. ஃபர்னஸில ஹியூமிடிஃபையர் (காத்துக்கு ஈரம் சேர்க்கிறது) இருந்தால் அதின்ர தட்டைக் குளிர்காலப் பக்கம் திருப்பி, பாட் மாத்தி, தண்ணியைத் திறவுங்கோ. ஏசியின்ர வெளிப்பெட்டியை முழுசாச் சுத்திக் கட்டாதேங்கோ, ஈரம் நிண்டு துரு ஏறும், எலியும் குடியேறும். இலை விழாமல் மேல ஒரு பலகை காணும்.

வெப்பமானி | ஒக்ரோபர் 17, காலை 7:40
மல்வேர்ன்வாசி, அந்த வித்தியாசம் எவ்வளவு?