சீட்டி அடிப்பவர்கள் கை தூக்குங்கள்

பாத்திரம் துலக்கும்போது சீட்டி அடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடிக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. "இன்றைக்கு என்ன, ஒரே பாட்டாக இருக்கிறது?" என்று வீட்டில் யாராவது கேட்டால்தான் உறைக்கும். கேட்ட மாத்திரத்தில் அது நின்றுவிடும். பிறகு வேண்டுமென்றே அடித்தாலும் அந்தச் சுகம் வராது. போன வாரம் அலுவலகத்தில் லிஃப்டுக்காக நின்றிருந்தேன். பல்லவியில் பாதியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் மீதியை எடுத்துச் சீட்டியிலேயே முடித்தார். இருவரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. கதவு திறந்தது, அவரவர் வழியில் போய்விட்டோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

எனக்கு ஊதினால் வெறும் காற்றுதான் வரும். பள்ளி நாட்களிலிருந்தே கேலிதான். ஒருநாள் சூடான தேநீரை உறிஞ்சுவதுபோல் மூச்சை உள்ளே இழுத்தேன். 'கீச்' என்று தெளிவாக ஒரு சத்தம்! இப்போது பாதிப் பாட்டு வரை வந்துவிட்டேன், எல்லாம் உள்மூச்சில்தான். இது முறையான சீட்டிதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

முறையானதுதான், கவலை வேண்டாம். உதடு அதிர்ந்து சத்தம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உதடும் அதிர்வதில்லை, குரல்வளைக்கும் வேலையில்லை. குவிந்த உதட்டின் துளை வழியாக ஓடும் காற்றும், வாய்க்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து எழுப்பும் ஒலி அது. காற்று எந்தப் பக்கம் போனாலும் சரி. நாக்கை முன்னால் தள்ளினால் வாய்க்குள் இடம் குறையும், சுருதி ஏறும். பின்னால் இழுத்தால் இறங்கும். குரல் சும்மா இருப்பதால் சீட்டி அடித்துக்கொண்டே முனகவும் முடியும். செய்து பாருங்கள், வண்டு ரீங்காரம்போல் இருக்கும். ஒரு குறும்பும் சொல்கிறேன்: சீட்டி அடிப்பவரைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், உதடு விரிந்துவிடும், ஆள் அவ்வளவுதான். என் தங்கை இதை வைத்தே என்னைப் பல வருடம் வதைத்தாள்.

* * *

நாக்கைப் பற்றிச் சொன்னவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். எனக்கு மேல்வரிசைக்குப் பல் செட் பொருத்தினார்கள். சாப்பாடு பழகிவிட்டது, பேச்சும் பழகிவிட்டது. சீட்டி மட்டும் போயே போய்விட்டது. நாக்கு பழைய இடத்துக்குத்தான் போகிறது. அங்கே மேலண்ணத்துக்குப் பதிலாக வழவழவென்று ஒரு தகடு இருக்கிறது. ஊதினால் 'ஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சீட்டி அடித்தே நடந்தவன் நான். காலை நடையில் என் பின்னால் வருகிறவர்கள் "இன்றைக்கு ஐயா மௌனவிரதமா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. செட்டைக் கழற்றிவிட்டு அடித்துப் பார்த்தேன், அது அதைவிட மோசம். முன்பற்களின் தாங்கல் இல்லாமல் மேலுதடு உள்ளே மடங்கிவிடுகிறது. பிறகு கண்ணாடி முன் நின்று, நாக்கு நுனியைக் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் அழுத்தி, மெதுவாக ஊதி ஊதி ஒரு சுரம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடினேன். இப்போது மேல் ஸ்தாயி கிடையாது. ஆனால் தாலாட்டுகளுக்குப் பஞ்சமில்லை, பேத்தி தூங்கிவிடுகிறாள்.

* * *

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சீட்டி அடித்தால் பாம்பு வரும் என்பார்கள். ஜப்பானிலும் இதையேதான் சொல்வார்களாம். பாம்புக்குக் காதில் விழுவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள்தான், சீட்டியோ உயர்ந்த ஒலி, சாதாரணமாக 1000 ஹெர்ட்ஸை (நொடிக்கு ஆயிரம் அதிர்வு) தாண்டிவிடும். இதை அம்மாவிடம் விளக்கினேன். "பாம்பு வராவிட்டால் நான் வருவேன்" என்றார்.

* * *

ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளில் லா கோமேரா என்று ஒரு தீவு. அங்கே ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்பவரோடு பேசுகிறார்கள். 1999 முதல் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோவும் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மடக்கிய விரலை வாயில் வைத்து அவர்கள் ஊதும் வீடியோவைப் பார்த்துவிட்டு, நானும் தம்பியும் இதைத் தமிழில் செய்தால் என்ன என்று கிளம்பினோம். வார்த்தையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஊதுவது என்று ஏற்பாடு. நான் மொட்டை மாடியில், அவன் கீழே தோட்டத்தில். "தண்ணீர் கொண்டு வா" என்று விளக்கமாகவே ஊதினேன். பதிலுக்கு அவனும் ஏதோ நீளமாக ஊதினான், புரிந்துகொண்டான் என்று மகிழ்ந்தேன். சற்று நேரத்தில் ஏணியோடு வந்து நின்றான். "மாட்டிக்கொண்டேன் என்றுதானே சொன்னாய்?" என்றான்.