காரில் கேம் கன்சோல் மவுண்ட்: பள்ளத்தில் இறங்கினாலே ஆஃப் ஆகிறது, உதவி தேவை

பின்சீட்டு ராஜா:
வணக்கம். பின் சீட்டில் பிள்ளைகள் விளையாட, காரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது, மிச்சக் கால்வாசிதான் உயிரை வாங்குகிறது.

முன் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குப் பின்னால் 12 மிமீ பிளைவுட்டில் ஒரு கூடு செய்திருக்கிறேன். கன்சோல் அதற்குள் செங்குத்தாக நிற்கிறது. அடியிலும் பக்கத்திலும் ஸ்பாஞ்ச், மேலே வெல்க்ரோ பட்டை. கூடும் கார்ப்பெட்டின் மேல் வெல்க்ரோவில்தான் ஒட்டியிருக்கிறது. 15 இன்ச் போர்ட்டபிள் மானிட்டர் முன் ஹெட்ரெஸ்ட்கள் இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. கம்பியைப் பிடிக்கும் க்ளாம்ப் நானே பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது. கரண்டுக்கு லைட்டர் சாக்கெட்டில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர்.

பிரச்சினை: ஸ்பீடு பிரேக்கரோ பள்ளமோ வந்தால் கன்சோல் அணைந்துவிடுகிறது. சில சமயம் அணைவதில்லை, படம் மட்டும் போய்த் திரும்ப வருகிறது. அதிர்வுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்பாஞ்சை இன்னும் தடிமனாக வைக்கலாமா, இல்லை ஸ்பிரிங் ஏதாவது போட வேண்டுமா? இன்னொன்று, மானிட்டர் க்ளாம்ப் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைகிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

சால்டரிங் சித்தப்பா:
ஸ்பாஞ்சை விடுங்கள் தம்பி. அந்தக் கன்சோலில் டிஸ்க் டிரைவும் கிடையாது, சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கிடையாது. எல்லாம் எஸ்எஸ்டி, அசையும் பாகமே இல்லாத சிப் சேமிப்பு. பள்ளத்தில் குலுங்குவதற்கெல்லாம் அது அணையாது. பிஎஸ்4 ஆக இருந்தால் நானும் அதிர்வைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது இரண்டு கோளாறு. முழுதாக அணைவது கரண்ட் பிரச்சினை. படம் மட்டும் போவது எச்டிஎம்ஐ. தனித்தனியாகப் பாருங்கள்.

கேம் ஓடும்போது கன்சோல் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும், மானிட்டருக்கு ஒரு 10, 15 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கம் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் என்பதால் அது போகவில்லை. ஆனால் லைட்டர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனியில் ஸ்பிரிங் வைத்த ஒரு பின், பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான் பிடிமானம். சிகரெட் பற்றவைக்கச் செய்த ஓட்டையில் மணிக்கணக்கில் 8 ஆம்பியர் ஓட்டுகிறோம். வண்டி தூக்கிப் போட்டால் நுனி ஒரு நொடி விலகும். கன்சோலுக்குள் இருக்கும் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது அதைவிட மிகக் குறைந்த நேரம்தான்.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏதாவது ஒரு கேமைப் போடுங்கள். பிளக்கை மட்டும் விரலால் ஆட்டிப் பாருங்கள். அப்புறம் கன்சோலின் பின்னால் போகும் கரண்ட் கேபிள். எட்டு வடிவத்தில் ரெண்டு பின் இருக்குமே, அதுவும் சீக்கிரம் லூசாகிற ரகம். கடைசியாக எச்டிஎம்ஐ. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிளக்கை உருவி நுனிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். பட்டென்று தொட்டுவிடாதீர்கள், சுடும்.

பின்சீட்டு ராஜா:
சொன்ன மாதிரியே செய்தேன். பிளக்கை லேசாகச் சாய்த்தாலே இன்வெர்ட்டர் விளக்கு சிமிட்டுகிறது, கன்சோல் அணைகிறது. நுனியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. அந்த எட்டு வடிவ கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. எச்டிஎம்ஐயை ஆட்டினால் படம் போகிறது, ஆனால் கன்சோல் விளக்கு எரிகிறது. இனி என்ன?

சால்டரிங் சித்தப்பா:
பழுப்பேறிய பிளக்கை இனி பயன்படுத்த வேண்டாம். பேட்டரியிலிருந்தே தனி லைன் இழுத்துவிடுங்கள்.

300 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் (வீட்டுக் கரண்ட் மாதிரி சீரான அலை தரும் ரகம்), 6 சதுர மிமீ செம்பு வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கன்சோலைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்றத்தான் அது. இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால், நடுவில் எங்காவது வயர் உரசி பாடியைத் தொடும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் க்ரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள். நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி சென்சார் இருந்தால் எர்த்தை அதன் மேல் மாட்டாமல் பாடியில் கொடுங்கள். சாவியை எடுத்ததும் தானாகத் துண்டிக்கும் சுவிட்சாக ஒரு ரிலே போட்டால் பேட்டரி இறங்காது.

எச்டிஎம்ஐக்கு: கன்சோலின் பின்னால் ஒரு சுற்று கேபிளைத் தளர்வாக விட்டு, அதற்கு அடுத்த இடத்தில் கூட்டோடு சேர்த்து கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போடுங்கள். இழுவை டையில் நிற்க வேண்டும், போர்ட்டுக்குப் போகக்கூடாது. ஆட்டினாலே படம் போகிற கேபிளை மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஆணியும் மரமும்:
நான் மவுண்ட் பற்றி மட்டும் பேசுகிறேன். கரண்டை விட இதுதான் எனக்குப் பயம்.

ராஜா அண்ணா, க்ளாம்ப் வளைவது போல்ட் பிரச்சினை இல்லை. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில், வெயில் நேராகப் படும் பொருள் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். இளகியதை இறுக்கினால் இன்னும் நசுங்கத்தான் செய்யும். பிரிண்ட்தான் வேண்டும் என்றால் இன்னும் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ. நானாக இருந்தால் 3 மிமீ அலுமினியப் பட்டையை வளைத்து, கம்பியைப் பிடிக்கும் இடத்தில் ரப்பர் வைத்து முடித்துவிடுவேன். மானிட்டர் ஓரத்தில் கூர்மையாக எதுவும் வேண்டாம், பின் சீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும் பொருள் அது.

அடுத்தது அந்த வெல்க்ரோ. கன்சோல் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பலமான மோதலில் 20 ஜி, அதாவது எடையைப் போல் 20 மடங்கு விசை வந்தால் அது 40 கிலோ மாதிரி முன்னால் பாயும், கூட்டின் எடை தனி. வெல்க்ரோ பிய்ந்துகொண்டு வரும்.

ஆனால் தரையில் கண்ணை மூடிக்கொண்டு துளை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் போகும். பல கார்களில் ஆர்ம்ரெஸ்ட் பெட்டியைக் கழற்றினால் தரையோடு வெல்டிங் வைத்த இரும்புத் தகடு இருக்கும், அதில் எம்6 போல்ட், அகல வாஷர், நைலாக் நட் (அதிர்வில் தளராத நட்) போட்டுப் பிடிக்கலாம். சீட்டுகளுக்கு நடுவே தரை மேடாக இருக்கும் அதே இடத்தில்தான் பெரும்பாலும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அதைத் தொட வேண்டாம், பக்கத்தில் சுத்தியலும் வேண்டாம். சீட் ரயில் போல்ட்டில் தகட்டைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டைப் பிடிக்கும் போல்ட்டில் கை வைப்பதை நான் செய்ய மாட்டேன்.

ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு நான்கு மூலையில் கெட்டியான ரப்பர் புஷ் வையுங்கள். ஸ்பாஞ்ச் காற்றுத் துளையை அடைத்து, சூட்டையும் பிடித்து வைக்கும். கறுப்பு வட்ட ஜல்லடை வழியாகத்தான் சூடான காற்று வெளியே வரும், அந்தப் பக்கம் கூட்டில் பலகையே வேண்டாம்.

தூக்கக்கலக்கம்:
இவ்வளவு பாடு எதற்கு? கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் மாதிரி ஒன்று வாங்கி, 45 வாட் யூஎஸ்பி சி கார் சார்ஜர் போட்டால் முடிந்தது.

பின்சீட்டு ராஜா:
ஒன்று வாங்கினால் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். இரண்டு வாங்க என்னால் ஆகாது :)

சித்தப்பா, லைன் இழுத்துவிட்டேன். பள்ளம், மேடு எதிலும் இப்போது அசையவில்லை. அலுமினிய க்ளாம்பும் மாட்டியாயிற்று. கூட்டை அந்தத் தகட்டில் பிடிக்கும் வேலை பாக்கி, அதுவரை கன்சோல் வீட்டில்தான், சோதித்துப் பார்க்க மட்டும் எடுத்துப் போகிறேன். ஆனால் புதிதாக ஒன்று: சிக்னலில் நின்று கிளம்பும்போது இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைகிறது. எப்போதும் இல்லை, சில சிக்னலில் மட்டும். ஆக்ஸ் வயரில் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுத்தால் ஒரு ரீங்காரமும் கேட்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறுகிறது.

சால்டரிங் சித்தப்பா:
உங்கள் வண்டியில் சிக்னலில் எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி இருக்கிறதா? ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த நொடியில் வோல்டேஜ் 10க்குக் கீழே போகலாம். 10, 10.5 வாக்கில் வந்தாலே பல இன்வெர்ட்டர்கள் கத்தி அணைந்துவிடும். கேம் ஓடும்போது அந்த வசதியை பட்டனில் அணைத்து வையுங்கள். காலையில் முதலில் வண்டியைக் கிளப்பிவிட்டு அப்புறம் கன்சோலைப் போடுங்கள்.

ரீங்காரம் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்வதால் வரும் இரைச்சல். ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் போய்விடும், சின்ன டப்பாதான்.

ஆணியும் மரமும்:
வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கன்சோலைப் போடாதீர்கள் அண்ணா. இந்த மாதிரிக் கன்சோல்களுக்குச் சுற்றுச் சூடு 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏசி கொஞ்ச நேரம் ஓடட்டும். தகட்டின் போட்டோ ஒன்று போடுங்கள், துளை எங்கே வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.