விடிய விடிய ஆடும் கூத்தைப் பல்கலைக்கழகம் ஐம்பது நிமிடத்தில் முடிக்கலாமா?

வாவிக்கரையான் | ஞாயிறு, இரவு 9.40

வெள்ளிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தின் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அழைப்பிதழில் ‘பொதுமக்கள் அனைவரும் வருக’ என்று போட்டிருந்தார்கள். நானும் பொதுமக்கள்தானே என்று மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை. எல்லாம் சேர்த்து எழுபது நிமிடம். பிறகு மட்டக்களப்புக் கூத்தின் இரு வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து, அதற்கு ஐம்பது நிமிடம். அருச்சுனன் முதலில் வரும்போது ஆடும் வரவு ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஊரில் அந்த வரவு ஒன்றுக்கே கால் மணி நேரம் போகும். இங்கே இரண்டு சுற்று முடிவதற்குள் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் எங்கே நின்றார் தெரியுமா? மேடையின் ஓரத்தில், திரைச்சீலைக்குப் பாதி மறைவில். நான் இருந்த இடத்திலிருந்து மத்தளத்தில் விழும் ஒரு கை மட்டும் தெரிந்தது. ஊர்க் களரியில், அதாவது கூத்தாடும் வட்ட அரங்கில், அவர் நடுவில் நிற்பார். சல்லாரித் தாளம் போடுகிறவரும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு நிற்பார்கள். ஆட்டக்காரர் அவரைச் சுற்றித்தான் ஆடுவார்கள். நாங்கள் நாலு பக்கமும் பாய் போட்டு இருப்போம். களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

இப்படி வெட்டிக் கொத்தி மண்டபத்துக்குள் காட்டுவதைவிடக் காட்டாமலே இருக்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பேராதனை67 | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, நான் மறுக்கிறேன்.

1967இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவன் நான். அடுத்த வருடம் ‘வாலிவதை’ பார்த்தேன். அதற்கு முன்பே பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றியிருந்தார். இராவணனாக ஆடிய மாணவர்தான் பிற்காலத்தில் பேராசிரியரான மௌனகுரு. அந்த நாட்களில் கூத்து என்றால் படித்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ‘நாட்டுப்புறத்தான் ஆட்டம்’ என்று என் தந்தையார் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவர் பள்ளிக்கூட ஆசிரியர். அதே மனிதர் பட்டதாரிப் பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடியதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

விடிய விடிய ஆடியிருந்தால் அவர் அந்த மண்டபத்துக்கு வந்திருக்கவே மாட்டார். சுருக்கியதால்தான் வந்தார். ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்ததால்தான் கொழும்பும் யாழ்ப்பாணமும் பார்த்தன. நீங்கள் குறை என்று சொல்லும் அந்த வெட்டுத்தான் இந்தக் கலைக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.41

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பல்கலைக்கழகத்தின் வேலை பட்டம் கொடுப்பதும் ஆய்வு செய்வதும். கூத்தும் பாட்டும் கோயில் திருவிழாவில் நடக்கட்டும். வரிப்பணத்தில் பொன்னாடை எதற்கு?

சல்லாரி | ஞாயிறு, இரவு 11.05

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு வரி: ‘நாடகமும் அரங்கியலும்’ இன்று பள்ளிக்கூடப் பாடம், உயர்தரத்திலும் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வானத்திலிருந்து விழவில்லை. பொன்னாடையைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

இனி வாவிக்கரையான் அண்ணாவுக்கு. ‘நாங்கள் நாலு பக்கமும் பாய் போட்டு இருப்போம்’ என்று அழகாக எழுதினீர்கள். அந்தப் பாயில் என் அம்மா இருந்தார், அம்மம்மா இருந்தார், நானும் இருந்தேன். களரிக்குள் எங்களில் ஒருத்தி ஏறியிருக்கிறாளா? திரௌபதைக்கும் சுபத்திரைக்கும் ஆண்கள்தான் வேடம் கட்டினார்கள். பதின்மூன்று வயதில் வீமனின் ஆட்டக்கோலங்கள் எனக்குக் கால் பாடமாக இருந்தன. எங்கள் வளவுக்கு எதிரேதான் மூன்று மாதமாக, கிழமைதோறும் ஆடும் கிழமைக்கூத்துப் பழகினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் ஆடுவேன். அண்ணாவியார் கண்டு சிரித்தார். வேடங்களைப் பிரித்துச் சட்டம் கொடுக்கும்போது என் பெயரை எவரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் என் அப்பா விட்டிருக்கமாட்டார்.

எனக்குச் சட்டம் கிடைத்தது பல்கலைக்கழகத்தில். இரண்டாம் வருடத்தில் வீமனுக்கு ஆடினேன். வளையம் வைத்த கரப்பு உடுப்பின் பாரம் இடுப்பில் அழுந்திய தழும்பு ஒரு மாதம் மறையவில்லை. ஒட்டிய மீசை வியர்வையில் கழன்று பாதி வாய்க்குள் போய்விட்டது, அப்படியே பாடி முடித்தேன். நீங்கள் சொல்லும் அந்த ஐம்பது நிமிட மண்டபம் இல்லையென்றால் இந்த ஆயுளில் எனக்கு வீமன் இல்லை.

வாவிக்கரையான் | திங்கள், காலை 6.15

சல்லாரி, நீங்கள் சொன்னதை இரவு படித்துவிட்டு உடனே பதில் எழுதாமல் படுத்துவிட்டேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது: ஒருத்தியும் ஏறவில்லை. என் தங்கையும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள்.

ஆனால் பெண்கள் ஆடுவதற்கும் ஐம்பது நிமிடமாக வெட்டுவதற்கும் என்ன தொடர்பு? நீங்கள் வீமனாக விடியும் வரை ஆடக்கூடாதா?

பேராதனை ஐயாவுக்கும் ஒன்று. சிங்கள நாடகத்துக்குச் சரச்சந்திர செய்ததைப் பார்த்து வித்தியானந்தன் செய்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1956இல் வந்த ‘மனமே’ எங்கள் கூத்துக்கு உறவான ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்திலிருந்து எழுந்தது. சரி. ஆனால் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961இல் எங்கே ஆடப்பட்டது? பேராதனையின் திறந்தவெளி அரங்கில். சிங்கள மாணவர்கள் ‘வள’ என்பார்களே, அந்தச் சரிவில். மரமும் வானமும் இருக்கிற இடம். உங்கள் கண்முன்னே அப்படி ஓர் இடம் இருந்தும் தமிழ்க் கூத்துக்கு மட்டும் ஏன் ஐயா படச்சட்டம்?

பேராதனை67 | திங்கள், காலை 8.50

நல்ல கேள்வி. பதில் எளிது: ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. போகிற இடங்களில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூட மண்டபம், நகரசபை மண்டபம். வட்டக்களரியை லொறியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வித்தியானந்தன் கூத்தை வெறும் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கினார். ‘அலங்காரரூபன்’, ‘எண்ட்றிக்கு எம்பரதோர்’ போன்ற கூத்துகள் அழியாமல் அச்சில் வந்ததும் வித்தியானந்தனின் பதிப்பாகத்தான். இதையெல்லாம் செய்தவர்களை ‘வெட்டிக் கொத்தியவர்கள்’ என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

வாவிக்கரையான் | திங்கள், காலை 9.20

நான் சொன்னது வெள்ளிக்கிழமை பார்த்ததைப் பற்றி. 1962ஐப் பற்றி அல்ல. ஆனாலும் அந்தச் சொல் உங்களைத் தொட்டிருந்தால் மன்னிக்க வேண்டும், ஐயா.

ஊர்வாசி | திங்கள், பிற்பகல் 1.30

நான் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்து ஊர். ‘பொதுமக்கள் வருக’ என்று போட்டால் பொதுமக்கள் வந்துவிடுவார்கள் என்று இங்கே எல்லோரும் நினைப்பதாகத் தெரிகிறது.

1990இல் அந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. என் சின்னம்மா அன்று உள்ளே இருந்தவர். இது பல்கலைக்கழகத்தின் குற்றமல்ல, அதுவும் பாதிக்கப்பட்ட இடம்தான். ஆனால் சின்னம்மா இன்றுவரை அந்த வாசலைத் தாண்டவில்லை. கூத்தென்றால் உயிரை விடுகிறவர், மற்ற வகையான தென்மோடிக் கூத்தின் தருக்கள், அதாவது பாட்டுகள், முப்பது நாற்பது மனப்பாடமாகச் சொல்வார். உலக நாடக தினத்துக்கு உள்ளே நாடக விழா நடக்கும்போது காற்று இந்தப் பக்கம் அடித்தால் மத்தளம் கேட்கும். படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் போகமாட்டார். கூத்துத்தான் அவரிடம் வரவேண்டும்.

சல்லாரி | திங்கள், மாலை 5.10

ஊர்வாசி, உங்கள் சின்னம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகவேண்டும் என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை. மட்டக்களப்பின் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் அதற்கு நல்ல உதாரணம். விரிவுரையாளர் ஜெயசங்கரும் மாணவர்களும் ஊருக்குப் போய், ஊரவர்களோடு இருந்து, பெண்ணையும் சாதியையும் இழிவாகப் பேசும் இடங்களை ஊரவர்களோடு விவாதித்து மாற்றினார்கள். களரி களரியாகவே இருந்தது, ஆடியவர்களும் ஊரவர்களே. ஆனால் வாவிக்கரையான் அண்ணா, அதைத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்காரர்தான். பல்கலைக்கழகம் கூத்தைத் தொடாமல் இருந்தால் நல்லது என்ற உங்கள் கட்சி அங்கேயே உடைந்துவிட்டது.

விடிய விடிய ஆடக்கூடாதா என்று கேட்டீர்கள். ஆடலாம். யார் செலவு செய்வது? களரி கட்ட, உடுப்புக்கு, பிற்பாட்டுக்காரருக்கு, ஒலிபெருக்கிக்கு, இரவு முழுவதும் தேநீருக்கு. முன்பு வயல் வெட்டிய கையோடு ஊர் கூடிச் செலவைப் பங்கிட்டது. இன்று எங்கள் ஊரில் ஆட்டம் பழகிய ஒன்பது இளைஞர்களில் ஆறு பேர் கட்டாரில் இருக்கிறார்கள். காணொளி அழைப்பில் அருச்சுனன் வரவு ஆடமுடியாது.

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 5.48

அதைத்தானே நானும் சொல்கிறேன். ஊரே செலவழிக்க விரும்பாத ஒன்றுக்கு அரசாங்கம் ஏன் செலவழிக்க வேண்டும்?

ஊர்வாசி | திங்கள், மாலை 6.02

ஊர் விரும்பவில்லை என்று எவரும் சொல்லவில்லை, ஐயா. முடியவில்லை என்றுதான் சல்லாரி சொன்னார். இரண்டும் ஒன்றல்ல.

நெறியாளர் | திங்கள், மாலை 6.30

இதற்கிடையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எவருடைய சாதியையும் ஊரையும் இழுக்காமல் எழுதுங்கள். கூத்தைப் பற்றிய விவாதத்தில் அது வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

பேராதனை67 | திங்கள், இரவு 8.15

நெறியாளருக்கு: சாதியைப் பேசாமல் கூத்தைப் பேசமுடியாது. யார் யாருக்குச் சட்டம் கொடுத்தார்கள், யார் எந்தக் களரியில் ஏறலாம், யார் எங்கே இருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. 1969இல் மௌனகுரு ‘சங்காரம்’ செய்தபோது கூத்தாட்டத்தைக் கொண்டே சாதியை எதிர்த்தார்கள். வசைச் சொற்களை நீக்குங்கள், பேச்சை நீக்காதீர்கள்.

நெறியாளர் | திங்கள், இரவு 8.22

நீக்கியது வசையை மட்டும்தான், ஐயா.

வாவிக்கரையான் | செவ்வாய், இரவு 9.05

ஒன்றை மறைத்துவிட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அண்ணாவியார் என் பெரியப்பா. அவரை அந்த ஓரத்தில் கண்ட கோபத்தில்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

இன்று வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். இழையில் நீங்கள் எழுதியவற்றை வாசித்துக் காட்டினேன். திண்ணையில் மத்தளத்தை மடியில் வைத்து வார் இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ‘பெரியப்பா, உங்களை ஓரத்தில் நிறுத்தினார்களே, கோபம் வரவில்லையா?’ என்று கேட்டேன்.

‘ஓரத்தில் நின்றால் என்ன, ஆட்டக்காரனின் கால் எனக்குத் தெரிந்தது’ என்றார். ‘ஒலிவாங்கியை வலந்தலைப் பக்கம் மட்டும் வைத்துவிட்டார்கள். இடந்தலை கேட்கவில்லை. நான் இரண்டு கையாலும் அடிக்கிறேன், சபைக்குப் பாதி மத்தளம்தான் போகிறது. ஒரு பிள்ளை அதனால் தாளத்தைத் தவறவிட்டாள். அவள்மேல் பிழையில்லை.’

ஐம்பது நிமிடமாகக் குறைத்ததைப் பற்றிக் கேட்டேன். அதைச் செய்ததே தான் என்றார். எதை விடுவது, எதை வைப்பது என்று மாணவர்கள் மூன்று நாள் அவரோடு இருந்து கேட்டிருக்கிறார்கள். வரவு ஆட்டத்தை இரண்டு சுற்றாகக் குறைக்கச் சொன்னதும் அவர்தானாம். ‘அந்தப் பையனுக்கு மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும்’ என்றார். இதைக் கேட்டதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்களிடமும் மறைக்க விரும்பவில்லை.

எழுபது நிமிட உரையைப் பற்றி மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

சல்லாரி | செவ்வாய், இரவு 9.31

தாளத்தைத் தவறவிட்ட பிள்ளை என் மாணவி. இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். பெரியப்பா சொன்னதை அவளுக்கு அனுப்பட்டுமா?

வாவிக்கரையான் | செவ்வாய், இரவு 9.33

அனுப்புங்கள். அவளை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லவும் சொன்னார். சனிக்கிழமை பிற்பகல் இருப்பார்.

ஊர்வாசி | செவ்வாய், இரவு 10.10

சனிக்கிழமை நானும் வரலாமா? சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் சொல்லும் தருக்களில் இரண்டு எந்தக் கூத்தில் வருகிறதென்று எங்கள் ஊரில் எவருக்கும் தெரியவில்லை.

வாவிக்கரையான் | செவ்வாய், இரவு 10.14

வாருங்கள். மூன்று மணிக்கு முன் வரவேண்டாம், அவர் உறங்குவார்.