இசிஜி இயல்பாக இருந்தால் கவலையில்லையா?

கேள்வி:
வணக்கம். என் தந்தை 52 வயதில் மாரடைப்பால் காலமானார். எனக்கு வயது 38. புகை, மதுப் பழக்கம் இல்லை. அண்மையில் எடுத்த இசிஜி இயல்பாக இருந்ததால் அஞ்ச வேண்டாம் என்கிறார்கள் வீட்டார். ஆனால், இருமுறை பார்த்தபோதும் இரத்த அழுத்தம் 146/94 என்ற அளவிலேயே இருந்தது. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது இதற்கு மருத்துவம் தேவையா?

மறுமொழி 1:
தேவை. ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுக்கும் இசிஜி, அந்தச் சில நொடிகளில் இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் பதிவு செய்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்துவரும் கொழுப்பை அது காட்டாது. தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருப்பது உங்களுக்குத் தனி அபாயம். அதனுடன் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. மாரடைப்பு பற்றிப் பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியரிடம் 53. பிற நாட்டினரிடம் ஏறத்தாழ 59. ஆகவே, நாற்பதைத் தாண்டட்டும் என்று காத்திராமல், எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு (ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது) ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.

மறுமொழி 2:
கிராமப்புறச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும், அழுத்தம் சரியாகிவிட்டதே என்று பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். சரியானதே மாத்திரையால்தான் என்பதை வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, பழைய சோற்றுக்கு மோர்மிளகாயும் ஊறுகாயும் மதியம் கருவாடும் அப்பளமும் வைத்துக்கொண்டால் அந்த வரம்பு எப்படி நிற்கும்?

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நெஞ்சின் நடுவே பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால், வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சோடாவோ ஓமத்தண்ணீரோ குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டம் 2023இல் வந்ததிலிருந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அருகிலுள்ள நிலையம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.