மூணு பேர் காதல் ஃபேன்ஃபிக்கால் நடந்த மறக்க முடியாத சந்திப்பு: உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க மக்கா

பார்வதிபுரம்_பாலம்

நீலி–டிராகன் க்ராஸ்ஓவர், அதாவது இரண்டு வேறு கதை உலகத்து ஆட்களை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிற ரசிகர் கதை, படிக்கிறவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். புதியவர்களுக்கு மட்டும்: நம்ம கள்ளியங்காட்டு யட்சி நீலி, டிராகன் மேல் பறக்கிற ஒரு வெளிநாட்டுக் கதை உலகத்து வீரன், அதே உலகத்து பேச்சில்லாத வைத்தியன். மூவரும் ஒரே வீடு, மூவருக்குள்ளும் காதல். எழுதுவது நான். வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வடசேரியில் தக்கலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பிள்ளை, போனில் என் கதை. பதினோராம் அத்தியாயம். நீலி பேசுகிற இடமெல்லாம் உதடு அசைய வாசிக்கிறாள். எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அப்புறம் நீலி இல்லாத காட்சி வந்தது. செத்துப்போன டிராகனின் பெயரை வைத்தியன் வீரனுடைய உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவான் இல்லையா, அது. நான் ரொம்ப நாள் மெனக்கெட்ட காட்சி. அந்தப் பிள்ளை கட்டை விரலால் சர்ரென்று தள்ளினாள். இன்னொரு தடவை தள்ளினாள். ‘நீலி கதவைத் திறந்தாள்’ என்ற வரியில் வந்து நின்றாள். பஸ் அப்போது சரியாகக் கள்ளியங்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, சத்தியமாக. சுங்கான்கடையில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கட்டை விரல் கண்ணை விட்டுப் போகவில்லை. மூவர் கதையில் நடுவில் இருக்கிற ஆளுக்காகத்தான் எல்லாரும் படிக்கிறீர்களா? மற்ற இரண்டு பேருக்குள் என்ன நடந்தால் என்ன என்றுதானா?

குடமும்_கோலும்

இதையே நான் ஒரு வில்லுப்பாட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். சித்திரை மாசக் கோயில் கொடை, நடுச்சாமம், முத்துப்பட்டன் கதை. அக்காள் பொம்மக்கா, தங்கச்சி திம்மக்கா இரண்டு பேரையும் கட்டிக்கொண்ட பட்டன் கதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுக்குக் காப்பிக்கு நிறுத்தினபோது புலவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தாத்தா, அக்காளும் தங்கச்சியும் ஒரு தடவைகூடச் சண்டை போட மாட்டாங்களா?” என்றேன். அவர் வில்லை அடிக்கிற வீசுகோலைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவளுவ சண்டையப் பாட ஆரம்பிச்சா, பட்டன் மாட்டுக் கிடைக்குப் போறதுக்குள்ள விடிஞ்சிரும் பிள்ளே. பெறவு சாமி எப்ப ஆடும்?”

கல்யாணம் ஆன ராத்திரியே பட்டன் சாக வேண்டும், அந்த இடத்தில் சாமி வர வேண்டும். அவருக்கு அந்தக் கணக்கு. எனக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. இருந்தும் என் ஃபிக்கில் அந்த இரண்டு பெண்களுக்கும் தனியாக ஒரு காட்சி எழுத உட்கார்ந்தால் கை ஓடவே மாட்டேன் என்கிறது.

குளச்சல்_உப்புக்காத்து

முத்துப்பட்டனை மூணு பேர் காதலுக்கு உதாரணமாக இழுக்காதீர்கள். அங்கே இருப்பது இரண்டே கோடு. நடுவில் பட்டன், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவர்கள் கூடப்பிறந்தவர்கள், மூன்றாவது கோடு எங்கிருந்து வரும்? அதுவும் போக அது சாதியைப் பற்றிய கதை. பிராமணப் பையன் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் என்று அந்தப் பெண்களின் அப்பா வாலப்பகடை சொல்கிறார். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாகச் சாமியாகிவிட்ட பட்டனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. அதைப் போய் ஷிப், காதல் ஜோடி என்றால் எப்படி?

என் அனுபவம் சின்னது. கூடப் படித்தவன் ஒருத்தன் என் ஃபிக்கைப் பார்த்துவிட்டு, “மூணாவது ஆளு எதுக்குடே, வாடகையப் பங்கு போடவா?” என்றான். அதோடு முடிந்தது.

இனி பாலத்துக்குச் சொல்கிறேன். கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை தள்ளினதில் தப்பே இல்லை. உங்கள் உள்ளங்கைக் காட்சி அழகாக இருக்கிறது, ஆனால் அது நடக்காவிட்டால் கதையில் எதுவும் மாறாது. மூவர் கதையில் மூன்று ஜோடி இருக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்றாவது ஆளுக்குத் தெரியாத ஒரு சண்டை, ஒரு கேலி, ஒரு ரகசியம் வேண்டும். ஒருத்தரை அறையை விட்டு வெளியே அனுப்பிப் பாருங்கள். மிச்சமிருக்கிற இருவரும் அவரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கோடு இன்னும் போடப்படவில்லை என்று அர்த்தம்.

க்ராஸ்ஓவரில் இதற்கு நல்ல வசதி உண்டு. ஒரு உலகத்துச் சட்டம் இன்னொரு உலகத்து ஆளின் உடம்பில் இடிக்கும். யட்சி என்றால் இரும்புக்கு ஆகாது, தலையில் ஆணி அடித்துத்தான் அடக்குவார்கள். உங்கள் வீரன் கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்புக் கவசம். அவன் எப்படி நீலியைத் தொடுவான்? நாற்பது அத்தியாயத்தில் யாருமே இதைக் கேட்கவில்லை! கவசத்தை அவனாகக் கழற்ற முடியாது, முதுகுப் பக்கத்து வாரை இன்னொருத்தர்தான் அவிழ்க்க வேண்டும். யார் அவிழ்ப்பது? வைத்தியன். நீலி வாசலுக்கு வெளியே நிற்கிறாள், உள்ளே அவன் ஒவ்வொரு வாராக அவிழ்க்கிறான், அவசரமே படாமல். வேண்டுமென்றே மெதுவாக. இதை யாராவது தள்ளுவார்களா என்று பார்ப்போம்.

அப்புறம் டேக், கதைக்கு மேலே போடுகிற குறிச்சொல். நாம ஃபேன்ஃபிக் போடுகிற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல், ‘&’ போட்டால் நட்பு. வீரன், வைத்தியன் நடுவே நீங்கள் ‘&’ போட்டு வைத்திருக்கிறீர்கள். நட்புதானே என்று வருகிறவன் தள்ளிவிட்டுத்தான் போவான்.

தோவாளை_பிச்சி

அப்பாடா, முடிஞ்சுதா? இப்போ நான்.

எனக்கு மைனி முறை அக்கா ஒருத்தங்க. முப்பந்தல் இசக்கிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்றவங்க. போன ஆடியில் அவங்களோடு அங்கே போயிருந்தேன். காற்றாலை எல்லாம் ஓங்கிச் சுற்றுகிறது, பேசினால் காதில் விழாது. திரும்பும்போது வேனில் பொழுதுபோகாமல் பாலத்தின் கதையை அவங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீலி, வீரன், வைத்தியன் மூவரும் மழையில் குடிசைக்குள் உட்கார்ந்திருக்கிற அத்தியாயம். மைனி முகத்தில் ஒரு அசைவு இல்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, மடியில் தூங்குகிற மகனைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாங்க.

“பிள்ளைய எங்க போட்டா?”

எனக்குப் புரியவில்லை. “அந்தக் கள்ளிக்கொப்புப் பிள்ளைதான். நீலி இடுப்புல இருக்குமே. மூணு பேருன்னு சொல்லுத, நாலாவது ஆளு மழையில நனையுதா?”

கட்டின புருஷனே நகைக்காகக் கொன்ற பெண் அவள். மறுபிறவி எடுத்து, கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவனைத் தேடி வந்தாள். அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் ஊரையே நம்ப வைத்தாள். அவளுக்கு இரண்டு ஆண் துணை கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, கொடுங்க. ஆனால் உப்புக்காத்து சொல்கிற மூன்று கோட்டிலும் அந்தப் பிள்ளை இல்லை. வீரன் தூக்கினால் அது மறுபடி கொப்பாகிவிடுமா, பிள்ளையாகவே இருக்குமா? எனக்கு அதுதான் தெரியணும். கவசத்தை யார் கழற்றினால் என்ன.

மேற்கே_குழித்துறை

இரும்பு ஆணி எல்லாம் மலையாளப் பக்கம் கடமற்றத்துக் கத்தனார் என்கிற மந்திரவாதப் பாதிரியார் கதையில் வருவது. நான் கொடையில் கேட்ட நீலிக்கு ஆணியே கிடையாது. உப்புக்காத்து இரண்டு நீலியை ஒன்றாகக் குழப்புகிறார்.

குழித்துறை ஸ்டேஷனில் பாறசாலைக்காரி ஒருத்தியிடம் இதைப் பேசப்போய், “நிங்ஙடெ நீலி பாவமாணு. எங்ஙடெ நீலிக்குப் பல்லுண்டு” என்று வாயைத் திறந்து தன் பல்லையே காட்டினாள். ரயில் வந்துவிட்டது. நல்ல பல்வரிசை, இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

குளச்சல்_உப்புக்காத்து

1956 நவம்பர் 1 வரைக்கும் நாம எல்லாரும் அந்த மலையாளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் மக்கா. ஆணி மட்டும் களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டில் நின்றுவிட்டதா? க்ராஸ்ஓவர் என்று வந்த பிறகு பல்லும் சேர்த்துக்கொள்ளலாம், ஆணியும் சேர்த்துக்கொள்ளலாம். பிச்சி சொன்ன பிள்ளை விஷயம் மட்டும் நியாயம்.

மார்த்தாண்டம்_தேன்

சண்டையை நிறுத்துங்க, நான் சொல்ல வந்ததே வேற.

என் கதையில் சூனியக்காரி, கடல்கன்னி, கொல்லன். மூன்று பேரும் மூன்று உலகம். ‘ஊசிநூல்’ என்ற பெயரில் ஒருத்தர் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே வந்து, “ரெண்டுல ஒண்ணச் சொல்லு, யாரு வேணும் அவளுக்கு?” என்று போடுவார். பதில் சொன்னாலும் விடமாட்டார். யாரோ வேலையில்லாத பையன் என்று நினைத்திருந்தேன்.

ஓணத்துக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனேன். வழக்கமாகத் தைக்கிற அக்காதான், அம்மாவுக்கும் அவங்கதான். இரண்டு கையையும் தூக்கி நிற்கிறேன், டேப் மார்பைச் சுற்றி இருக்கிறது. அக்கா வாயில் குண்டூசியோடு பொத்தான் கட்டுகிற பிள்ளையிடம் சொல்கிறாங்க: “கொல்லன் இதுவர கடல்கன்னி மூஞ்சிய ஒழுங்காப் பாத்ததே இல்ல கேட்டியா. ஒரே வீட்டுக்குள்ள எப்பிடி இருப்பாவ? அவனக் கொன்னுட்டா பெண்டுவ ரெண்டும் நிம்மதியா இருப்பாளுவ.” மெஷின் மேல் அவங்க போன் திறந்து கிடக்கிறது, கமெண்ட் பெட்டியில் பாதி டைப் செய்த வரி, மேலே ஊசிநூல்.

அளவெடுத்து முடித்து டேப்பைக் கழற்றின பிறகும் நான் கையை இறக்கவில்லை. “கைய இறக்கு பிள்ளே, வலிக்கலியா?” என்றாங்க.

அவங்களுக்கு இன்னும் தெரியாது. ஓணமும் போய்விட்டது, பிளவுஸ் வரவில்லை. கொல்லனை என்ன செய்வதென்று முடிவாகாமல் அந்தக் கடைப் பக்கமே போக முடியவில்லை.

தோவாளை_பிச்சி

கொல்லனைக் கொன்னுடாதே. முதல்ல அவனைத் திரும்பி அந்தக் கடல்கன்னியைப் பார்க்கச் சொல்லு. அதை எழுதிப் போட்டுட்டு மறுநாள் கடைக்குப் போ, பிளவுஸ் ரெடியா இருக்கும்.