தங்குநேரம், தங்கா நேரம்: வண்ணப்பிரிகைக்குச் சில சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> மஞ்சள்தூளில் அதன் நிறப்பொருளான குர்குமினின் அளவை வண்ணப்பிரிகையால் (chromatography: கலவையைக் குழல் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் முறை) விரைவாகக் கண்டறிவது பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதிரியைச் செலுத்தியது முதல் குர்குமின் வெளிவரும் வரை ஆகும் நேரத்தைத் (retention time) 'தக்கவைப்புக் காலம்' எனலாமா?

வேண்டாம் அம்மா. இரண்டு பாதியிலும் எனக்கு மறுப்பு உண்டு.

முதலில் 'காலம்'. ஆய்வகத்தில் மணிகள் நிரப்பிய குழலையே (column) எல்லாரும் 'காலம்' என்றுதான் சொல்கிறார்கள். 'காலத்தில் இருக்கும் காலம்' என்று எழுதினால் மாணவர் திணறிப்போவார். 'நேரம்' போதும்.

'தக்கவைப்பு' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மஞ்சள்தூளை மெத்தனாலில் ஊறவைத்துக் குலுக்கி, வடிகட்டி, சில மைக்ரோலிட்டர் மட்டும் செலுத்துகிறோம். குழலுக்குள் 18 கார்பன் சங்கிலிகள் பிணைந்த சிலிக்கா மணிகள். அவற்றினூடே அசிட்டோநைட்ரைலும் சிறிது அமிலம் சேர்த்த நீரும் ஓடுகின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் கரைப்பானோடு கொஞ்சம் ஓடும், மணியில் கொஞ்சம் தங்கும், மறுபடி ஓடும். ஓடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்தான். முந்துவதும் பிந்துவதும் தங்குவதைப் பொறுத்தே. மெத்தாக்சி தொகுதி இல்லாத பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின் முதலில் வரும், ஒன்று உள்ள டெமெத்தாக்சிகுர்குமின் அடுத்து, இரண்டு உள்ள குர்குமின் கடைசியில். மூன்றுமே மஞ்சள் நிறம், மூன்றுமே 425 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுபவை. நிறமாலைமானியில் நேரே வைத்தால் மொத்த அளவுதான் கிடைக்கும். அவற்றைத் தனித்தனியே காட்டிக் கொடுப்பது இந்தத் தங்கல். தங்குவது மூலக்கூறு, ஆகவே வினையும் அதனுடையதாக இருக்கட்டும்: தங்குநேரம். வினைத்தொகை, சொல்லவும் எளிது.

ஆனால் நீங்கள் கேட்ட நேரம் தங்குநேரம் மட்டும் அன்று. மணியில் ஒட்டவே ஒட்டாத பொருளுக்கும் குழலைக் கடக்க நேரம் ஆகும். அப்படி ஒட்டாத யுராசிலைச் செலுத்தி 254 நானோமீட்டரில் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் dead time எனப்படும் இதைச் 'செத்த நேரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நம்மிடம் இருக்கிறதே! 'தங்கா நேரம்' என்போம். தங்கா நேரமும் தங்குநேரமும் சேர்ந்தது 'வெளிவரு நேரம்'.

விரைவுப் பகுப்பாய்வில் இந்தப் பிரிவு இன்றியமையாதது. 5 மைக்ரான் மணிகளுக்குப் பதில் 2 மைக்ரானுக்கும் குறைந்த மணிகள், குட்டையான குழல், 1000 பார் அழுத்தம் வரை தாங்கும் கருவி என்று மாறும்போது வெளிவரு நேரம் சுருங்கிவிடும். நீண்ட முறையில் தங்கா நேரம் 2 நிமிடம், குர்குமின் வருவது 8 நிமிடத்தில் என்று கொள்வோம். தங்கியது 6, தங்கா நேரத்தோடு அதன் விகிதம் 3. விரைவு முறையில் தங்கா நேரம் 0.4, வருவது 1.6. தங்கியது 1.2, விகிதம் அதே 3. மணியின் வேதியியலும் கரைப்பான் கலவையும் வெப்பநிலையும் மாறவில்லை என்றால் இந்த விகிதம் ஏறத்தாழ மாறாது. நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தும் தங்கும் பாங்கு மாறவில்லை என்பதை ஒரு வரியில் சொல்ல இதற்கும் ஒரு பெயர் வேண்டும். 'தங்கு விகிதம்' என்பது இப்போதைக்கு என் பரிந்துரை.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

விளக்கத்துக்கு மிக்க நன்றி. ஓர் ஐயம். கருவியின் மென்பொருள் தரும் அட்டவணையில் இருப்பது மொத்த நேரம். ஆங்கிலத்தில் படித்தவர்கள் 'தங்குநேரம்' என்றதும் அதைத்தான் நினைப்பார்கள். குழப்பம் வராதா?

விகிதத்துக்கு அலகு கிடையாது. அணு எண், ஒளிவிலகல் எண் என்று எழுதுகிறோம். அதே வழியில் 'தங்கெண்' என்றால் என்ன?

---

அம்மா, தங்கெண் அருமை! என் பரிந்துரையைக் கைவிடுகிறேன்.

உங்கள் ஐயம் நியாயமானது. அதனால்தான் அட்டவணையின் தலைப்பில் 'வெளிவரு நேரம் (நிமிடம்)' என்றே போடச் சொல்கிறேன். அடுத்த பத்தியில் தங்கெண்ணைக் கொடுங்கள். 8-லிருந்து 2-ஐக் கழித்து 2-ஆல் வகுத்துக் காட்டிவிட்டால், இரு சொற்களும் ஒன்றோடொன்று மோதாது. மூன்று குர்குமினாய்டுகள் வருகிற ஒழுங்கை 'வெளிவரு வரிசை' என்று எழுதலாம், தனிச்சொல் தேட வேண்டாம்.

'வண்ணப்பிரிகை' என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். ஒளியியலின் 'நிறப்பிரிகை'யோடு அது உரசுவது உண்மைதான், எனக்கும் அது உறுத்தல். ஆனாலும் பாடநூல் வழியே வேரூன்றிவிட்டது. படிக்கும் பிள்ளைகளுக்கு இருக்கிற பிடிமானத்தை நாம் பறிக்கக் கூடாது.

வரைபடத்தில் எழும் முகடுகளுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'உச்சி' என்றால் முனையை மட்டுமே குறிக்கும். குர்குமின் அளவைக் கணக்கிடுவது முகட்டின் பரப்பிலிருந்து அல்லவா? அந்தப் பத்தியையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.