கறுப்பு காரின் கதவில் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன

கேள்வி: ஸ்டுடியோவில் ஒரு கறுப்பு செடான் காரைப் படம் எடுக்கிறேன். நான்கு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும், துணி மூடிய விளக்குப் பெட்டி) வைத்தும் கதவில் நான்கு வெள்ளைக் கட்டங்கள்தான் தெரிகின்றன. லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் போய்விடுமா?

பதில் 1: கார் ஒரு வளைந்த கண்ணாடி மாதிரி. அதில் எது தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் காரை விட நீளமான வெள்ளைத் துணியை ஸ்டுடியோ கூரையில் சாய்த்துக் கட்டி, அதன் மேல் வெளிச்சம் அடிப்பேன். அதன் பிரதிபலிப்பு காரில் பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரே கோடாக ஓடும். துணியில் சுருக்கம் இருந்தால் அதுவும் தெரியும். ஒருமுறை இரண்டு மணி நேரம் இஸ்திரி போட்டேன்!

பதில் 2: போலரைசர் பெயின்ட், கண்ணாடியில் ஓரளவு உதவும். குரோம் பூசிய உலோகப் பாகங்களில் உதவாது.

கேள்வி கேட்டவர்: சரி, அவ்வளவு பெரிய துணி இல்லையே?

பதில் 1: அப்போ ட்ரைபாட், இருட்டு அறை, ஒரே எல்இடி குழல். கேமராவை அசைக்காமல், குழலை நகர்த்தி காரைப் பகுதி பகுதியாக வெளிச்சமாக்கிப் பல படங்கள் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரே படமாக இணையுங்கள். நீங்களே காரில் பிரதிபலிக்காமல் இருக்க, கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.